கல்வராயன் மலைக்கு மேலே திணறும் படம்

புதுச்சேரி விமான நிலையத்திலிருந்து சேலத்தை அடுத்த காமலாபுரம் விமான நிலையத்துக்கு நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வரும். விழுப்புரத்தையும் சங்கராபுரத்தையும் ஒட்டிப் போகும் அந்தக் கோடு, கள்ளக்குறிச்சி நகரத்தை இடப்பக்கம் விட்டுவிட்டுக் கல்வராயன் மலையைக் குறுக்காகக் கடக்கிறது. சேலத்தில் இறங்குவதற்குமுன் சேர்வராயன் மலை வேறு எதிரே எழுந்து நிற்கிறது. சிமுலேட்டரில் ஒரு செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொண்டு மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஐம்பது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். கடற்கரை, சமவெளி வயல், சிற்றூர், 4,000 அடி வரை உயரும் காட்டு மலை, பள்ளத்தாக்கு, மீண்டும் மலை என்று எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் வந்து போவதால், ஒரு கணினியின் திறனைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல பாதை தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. இந்தப் பாதையில் மலையை நெருங்கும்போது படம் விட்டு விட்டு நகர்ந்தால், விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை அப்டேட் செய். அந்த அறிவுரை எவ்வளவு தூரம் சரி என்பதே இங்கே கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானச் சிமுலேட்டரைப் பொறுத்தவரை டிரைவர் என்பது பராமரிப்புக்குரிய பொருள். வேகம் கூட்டும் மருந்தாக அதைக் கருதுவது பெரும்பாலும் வீண். படம் திணறுவதற்கான காரணங்களில் பெரும்பங்கு சிபியுவிலும், கார்டின் சொந்த நினைவகத்திலும், தரையைப் பற்றிய தரவிலும், இணைய இணைப்பிலும் இருக்கிறது. பெருநகரங்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கார்டு மாற்றுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாமல் போகலாம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தியாகதுருகம் போன்ற ஊர்களில் ஒரு மேசைமேல் இருக்கக்கூடிய கணினி வேறு மாதிரியானது: பழைய சிபியு, கைமாறி வந்த 4 ஜிபி கார்டு, அல்லது கார்டே இல்லாத லேப்டாப். சிமுலேட்டர் பற்றிய அறிவுரைகளோ விலையுயர்ந்த கணினிகளையும், நியூயார்க், லண்டன் போன்ற அடர்ந்த நகரங்களின் மேல் நடத்திய சோதனைகளையும் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

டிரைவர் செய்யும் வேலை என்ன? விளையாட்டு மென்பொருள் கார்டோடு நேரடியாகப் பேசுவதில்லை. இந்த முக்கோணங்களை வரை, இந்தப் படத்தை அவற்றின்மேல் போர்த்து, இந்த வெளிச்சக் கணக்கைப் போடு என்று ஓபன்ஜிஎல், டைரக்ட்எக்ஸ் போன்ற பொது இலக்கணத்தில் அது கட்டளையிடும். அந்தக் கட்டளைகளைச் சரிபார்த்து, எந்தப் படம் நினைவகத்தில் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்து, ஷேடர் எனப்படும் சிறு நிரல்களைக் குறிப்பிட்ட கார்டுக்கு ஏற்றபடி தொகுத்து, வரிசையில் அனுப்புவது டிரைவர். இந்த வேலை முழுவதும் சிபியுவில் நடக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் இது முக்கியமாகும். டிரைவரின் ஒரு பகுதி இயங்குதளத்தின் மையத்திலேயே ஓடுவதால், அதில் ஒரு பிழை நேர்ந்தால் விளையாட்டு மட்டும் நிற்காது, கணினியே நின்றுவிடும். விண்டோஸ் விஸ்டா வந்த காலத்தில், 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் ஏறத்தாழ 29 விழுக்காடு என்விடியா டிரைவர்களால் நேர்ந்தவை என்று மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்கள் ஒரு வழக்கில் வெளிவந்தபோது தெரிந்தது. புதிய டிரைவர் என்றாலே நல்ல டிரைவர் என்ற எண்ணத்துக்கு எதிரான சாட்சிகள் பிற்காலத்திலும் உண்டு. 2010 மார்ச்சில் என்விடியா தன் 196.75 டிரைவரை, விசிறி வேகத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாமல் கார்டுகள் சூடாகின்றன என்ற புகாரால் திரும்பப் பெற்றது. 2023 அக்டோபரில் ஏஎம்டி டிரைவரின் ‘ஆன்டி-லேக் பிளஸ்’ வசதி, அதைப் பயன்படுத்தியவர்களை ‘கவுன்டர்-ஸ்ட்ரைக் 2’ விளையாட்டில் ஏமாற்றுக்காரர்களாகக் காட்டித் தடைக்குள்ளாக்கியது; அந்த டிரைவரும் திரும்பப் பெறப்பட்டது. 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையோடு வந்த டிரைவர்களில் திரை கறுத்துப்போகும் கோளாறுக்கு என்விடியா அடுத்தடுத்துத் திருத்தங்கள் வெளியிட வேண்டியிருந்தது. இவை எல்லா நிறுவனங்களுக்கும் நேர்வதுதான். லட்சக்கணக்கான வரிகள் கொண்ட மென்பொருளில் பிழை இருப்பது வியப்பல்ல. அப்டேட்டை வேகத்துக்கான மந்திரமாக விற்பதுதான் வியப்பு.

கடந்த பத்தாண்டுகளில் நடந்த பெரிய மாற்றம் வேறு. டிரைவர் சுமந்த வேலைகளில் பல விளையாட்டின் தோளுக்கு மாறிவிட்டன. ஏஎம்டி 2013இல் அறிமுகப்படுத்திய ‘மேன்டில்’ இதற்கு வழிகாட்டியது. 2015இல் விண்டோஸ் 10 உடன் டைரக்ட்எக்ஸ் 12, 2016இல் வல்கன் ஆகியவை பொதுவுக்கு வந்தன. இவற்றில் நினைவக மேலாண்மையும் ஷேடர் தொகுப்பின் நேரமும் விளையாட்டை எழுதுபவரின் பொறுப்பு, டிரைவர் மெலிந்துவிடுகிறது. விமானச் சிமுலேட்டர்கள் இந்த மாற்றத்தின் நன்மை தீமை இரண்டையும் காட்டும் நல்ல சான்று. எக்ஸ்-பிளேன் பல்லாண்டுகள் ஓபன்ஜிஎல்லில் ஓடியது. பறக்கும்போது புதிதாக ஒரு காட்சி கண்ணில் பட்டால் அதற்குரிய ஷேடரை டிரைவர் அந்தக் கணத்தில் தொகுக்கத் தொடங்கும்; படம் ஒரு நொடி உறையும். எப்போது உறையும் என்று விளையாட்டை எழுதியவர்களுக்கே தெரியாது. 2020இல் வந்த 11.50 பதிப்பு வல்கனுக்கும் ஆப்பிள் கணினிகளில் மெட்டலுக்கும் மாறியபோது இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. அதற்குப் பிறகும் பழைய துணைச் செருகல்கள் ஓபன்ஜிஎல்லிலேயே வரைந்ததால் ஏஎம்டி கார்டுகளில் திரை மினுக்கியது. எக்ஸ்-பிளேன் 12 அதற்குக் கண்ட தீர்வு சுவையானது: கார்டு நிறுவனத்தின் ஓபன்ஜிஎல் டிரைவரை ஒதுக்கிவிட்டு, ஓபன்ஜிஎல் கட்டளைகளை வல்கனாக மாற்றும் ‘சிங்க்’ என்ற திறந்தமூல மென்பொருளைத் தன்னோடு சேர்த்துக் கொடுத்துவிட்டது. மறுபக்கம், மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2021 இறுதியில் டைரக்ட்எக்ஸ் 12ஐச் சோதனை நிலையில் சேர்த்தபோது, கார்டின் நினைவகம் நிரம்பி வழிந்து வேகம் அதலபாதாளத்துக்குப் போன கதைகளும் வந்தன. டைரக்ட்எக்ஸ் 11இல் அந்த நிலையைச் சமாளித்துவந்தது டிரைவர். அந்தப் பொறுப்பு விளையாட்டின் கைக்கு வந்தபோது விளையாட்டு அதற்குத் தயாராக இருக்கவில்லை. ஆக, குறை நிறை இரண்டுமே இப்போது விளையாட்டின் நிரலில்தான் அதிகம் தீர்மானமாகின்றன.

இதைவிடத் தெளிவான சான்று 2021 ஜூலையில் கிடைத்தது. எக்ஸ்பாக்ஸில் வெளியிடுவதற்காக, பிரான்சின் போர்தோ நகரிலுள்ள அசோபோ நிறுவனம் ஃபிளைட் சிமுலேட்டரின் உள்ளகத்தைத் திருத்தி எழுதி, ஐந்தாம் சிம் அப்டேட்டாக வெளியிட்டது. அதே கார்டு, அதே டிரைவர், அதே சிபியு. ஆனால் பல கணினிகளில் பிரேம் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தது, ரேம் பயன்பாடு பெரிதும் இறங்கியது. குறைந்த நினைவகம் கொண்ட ஒரு பெட்டியில் ஓடவைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் வந்தபோது கிடைத்த பலன் அது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் கார்டுதான் மூச்சு முட்ட வேலை செய்யும். சிமுலேட்டரின் கணக்கு வேறு. இறக்கையின்மேல் காற்று ஓடும் விதம், எஞ்சின், கருவிப் பலகையின் ஒவ்வொரு முள், சுற்றிப் பறக்கும் மற்ற விமானங்கள், வானிலை, இன்னும் எவ்வளவு தூரத்துக்குத் தரையை ஏற்ற வேண்டும் என்ற முடிவு எல்லாம் பெரும்பாலும் சிபியுவின் ஒரே ஓர் இழையில், மெயின் த்ரெட்டில், வரிசையாக நிற்கின்றன. நொடிக்கு 30 பிரேம் வேண்டுமென்றால் இத்தனையும் 33 மில்லி நொடிக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் கார்டு சும்மா காத்திருக்கும். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் முன்னே மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று போகிறதென்றால், பின்னால் வரும் வண்டியின் குதிரைத்திறனைப் பேசி என்ன பயன்? மெயின் த்ரெட் அந்த லாரி. ஃபிளைட் சிமுலேட்டரின் டெவலப்பர் பயன்முறையில் பிரேம் கணக்கைத் திறந்தால் ‘மெயின் த்ரெட்டால் கட்டுண்டது’ என்ற வரி அடிக்கடி கண்ணில் படுவது இதனால்தான். அந்த வரி தெரியும்போது கார்டின் டிரைவரை மாற்றுவது நேரத்தைச் செலவழிக்கும் ஒரு வழி, அவ்வளவே.

டிரைவர் தானே சிபியுவில் ஓடுகிறது என்று மேலே சொன்னது இங்கே வந்து சேர்கிறது. இன்டெல் 2024 டிசம்பரில் ஆர்க் பி580 கார்டை வெளியிட்டது. விலைக்கு மிஞ்சிய வேகம் என்று முதலில் பாராட்டப்பட்ட அந்தக் கார்டை, 2025 ஜனவரியில் சில விமர்சகர்கள் பழைய சிபியுக்களோடு இணைத்துப் பார்த்தபோது வேகம் மிகவும் சரிந்தது. காரணம், இன்டெல் டிரைவர் சிபியுவிடம் கேட்ட கூடுதல் உழைப்பு. புதிய சிபியுவில் அந்தச் சுமை தெரியாது. ஆறேழு ஆண்டுப் பழைய சிபியுவில் அதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பழைய பெட்டியில் புதிய கார்டை மட்டும் செருகுவது நம் ஊர்களில் பரவலான சிக்கனம் என்பதால், இந்தச் செய்தி இங்கே இருப்பவர்களுக்குத்தான் அதிகம் வேண்டியது.

இனித் தரவுக்கு வருவோம். கல்வராயன் மலை திரையில் கல்வராயன் மலைபோல் தெரிகிறதா என்பதில் டிரைவருக்குப் பங்கே கிடையாது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடார் மூலம் பூமியின் மேடுபள்ளங்களை அளந்தது. அந்த அளவீடு அமெரிக்காவுக்கு வெளியே நெடுங்காலம் 90 மீட்டர் கட்டமாகவே பொதுவுக்குக் கிடைத்தது; 2014 முதல்தான் 30 மீட்டர் கட்டம் படிப்படியாகத் திறந்துவிடப்பட்டது. 90 மீட்டருக்கு 90 மீட்டர் என்றால் இரண்டு ஏக்கர். அதாவது இரண்டு ஏக்கர் நிலத்துக்கு ஒரே ஓர் உயர எண். 30 மீட்டர் கட்டத்தில் அது 22 சென்ட்டாகிறது. மேகம் அருவியும் பெரியார் அருவியும் விழும் குறுகிய பாறை வெட்டுகள் இரண்டு ஏக்கர் கட்டத்தில் காணாமல் போய், வழுக்கலான ஒரு சரிவு மட்டும் மிஞ்சும். அந்த ரேடார் அலை அடர்ந்த காட்டில் தரைவரை போகாமல் மரத் தலைப்பிலேயே பெரிதும் திரும்பிவிடுவதால், காடு இருக்கும் இடமெல்லாம் மலை சற்றே உயர்ந்தும் தெரியும். வட அட்சரேகை 11க்கும் 12க்கும், கிழக்குத் தீர்க்கரேகை 78க்கும் 79க்கும் இடைப்பட்ட ஒரே கோப்பில் சேலம், சேர்வராயன், கல்வராயனின் பெரும்பகுதி, கள்ளக்குறிச்சி நகரம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. 90 மீட்டர் கட்டத்தில் அந்தக் கோப்பு மூன்று எம்பிக்கும் குறைவு; 30 மீட்டரில் சுமார் 26 எம்பி. 12 ஜிபி கார்டு வாங்கினாலும், மலையின் வடிவம் அந்த 26 எம்பிக்குள் இருப்பதுதான்.

தரைக்கு மேலுள்ள பொருள்களிலும் இதே கதை. 2020 ஆகஸ்டில் வெளிவந்த ஃபிளைட் சிமுலேட்டர், பிங் வரைபடத்தின் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, ஆஸ்திரியாவின் கிராத்ஸ் நகரிலுள்ள பிளாக்ஷார்க் நிறுவனத்தின் செயற்கை அறிவால் 150 கோடிக் கட்டடங்களை ஊகித்து எழுப்பியது. பறவைப் பார்வையில் தெரியும் கூரையை வைத்து ஊகித்த கட்டடம் எப்படி இருக்கும்? பக்கிங்காம் அரண்மனையே அலுவலகக் கட்டடமாகத் தோன்றியது. மெல்போர்னின் புறநகரில் 212 மாடிக் கோபுரம் ஒன்று ஊசிபோல் நின்றது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரோ இரண்டு மாடி என்பதற்குப் பதில் 212 என்று தட்டிய பிழை அது. அரண்மனைக்கே அந்தக் கதியென்றால், கச்சிராயபாளையத்தின் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் கோமுகி அணையின் மதகும் எப்படி வரும் என்று ஊகிக்கலாம். இந்தக் குறைகளில் எதையும் டிரைவர் அப்டேட் தொட முடியாது. ஆனால் திரையில் மலை மொழுக்கென்று தெரிந்ததும் ‘கிராபிக்ஸ் சரியில்லை’ என்று சொல்லி டிரைவரைத் தேடிப் போகிறவர்கள் உண்டு.

இணைப்பு இன்னொரு தடை. 2020ஆம் ஆண்டுப் பதிப்பு குறைந்தபட்சமாக 5 எம்பிபிஎஸ் வேகம் கேட்டது. 2024 நவம்பரில் வந்த அடுத்த பதிப்பு 10 எம்பிபிஎஸ் கேட்கிறது, 50 இருந்தால் நல்லது என்கிறது. வட்டில் பிடிக்கும் இடம் 150 ஜிபியிலிருந்து 50 ஜிபியாகக் குறைந்ததற்கு ஈடு அது. 10 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் இறக்கினால் 2 ஜிபி தீர 27 நிமிடம் போதும். புதுச்சேரியில் கிளம்பியவர் நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தை நம்பியிருந்தால், கணக்குப்படி சங்கராபுரத்துக்கு மேலே தரவு தீரும்; மலை அதற்கு அப்பால் இருக்கிறது. விளையாட்டு எப்போதும் முழு வேகத்தில் இறக்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் சமவெளியைக் கடந்து மலையை நெருங்கும் இடத்தில் புதிய தரையும் மரங்களும் மொத்தமாகத் தேவைப்படுவதால், இணைப்பு மெலிந்திருந்தால் திணறல் அங்கேதான் கூடும். அதைப் பார்ப்பவர் கார்டைக் குறை சொல்வார். 2024 பதிப்பு வெளியான நாளில் மைக்ரோசாஃப்டின் சர்வர்களே நெரிசலில் திணறி, உயர்ந்த கார்டு வைத்திருந்தவர்களும் உள்ளே நுழைய முடியாமல் காத்திருந்தார்கள்.

டிரைவரைப் பராமரிப்புப் பொருள் என்றேன். அப்படிப் பார்க்கும்போதுதான் அதன் உண்மையான சிக்கல் கண்ணில் படுகிறது: ஆயுள். 2020 பதிப்பின் குறைந்தபட்சத் தேவையாக அறிவிக்கப்பட்ட கார்டு ஜிடிஎக்ஸ் 770. அது சேர்ந்த கெப்ளர் வரிசைக்கு 2021 அக்டோபரோடு என்விடியா புதிய விளையாட்டு டிரைவர்களை நிறுத்தியது. விளையாட்டு வெளிவந்து பதினான்கே மாதம். 2024 பதிப்பின் குறைந்தபட்சக் கார்டு ஜிடிஎக்ஸ் 970. அதன் மேக்ஸ்வெல் வரிசைக்கும், அதற்கடுத்த பாஸ்கல் வரிசைக்கும் 2025 அக்டோபரில் அதே முடிவு வந்தது. இந்த முறை ஓராண்டுகூட ஆகவில்லை. பாஸ்கல் என்றால் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 போன்றவை. பழைய கார்டு விற்கும் கடைகளில் இன்றும் கைமாறும் பெயர்கள். இவற்றுக்கு இனி 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கொருமுறை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். அசெம்பிள் செய்த கணினிகளில் ‘கிராபிக்ஸ் கார்டு உண்டு’ என்று சொல்வதற்காகவே செருகப்பட்ட ஜிடி 710க்குக் கெப்ளரோடு கதை முடிந்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் ஒரு கணினி எட்டு, பத்து ஆண்டு உழைக்கும். டிரைவரோ நிறுவனத்தின் கால அட்டவணைப்படி ஓய்வு பெறும். அந்த நிலையில் இருப்பவரிடம் ‘புதிய டிரைவர் போடு’ என்று சொல்வதற்குப் பொருளே இல்லை. பாதுகாப்புத் திருத்தம் தவிரப் போடுவதற்குப் புதிது எதுவும் வராது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது, டிரைவர் உண்மையிலேயே வேகம் கூட்டிய நிகழ்வுகள் உண்டே என்பது. உண்டு. ஏஎம்டி 2022 ஜூலையில் தன் ஓபன்ஜிஎல் டிரைவரைத் திருத்தி எழுதியபோது ‘மைன்கிராஃப்ட்’ 92 விழுக்காடு வரை வேகம் பெற்றது என்று அந்த நிறுவனம் அறிவித்தது. இன்டெல் அதே ஆண்டு டிசம்பரில் பழைய டைரக்ட்எக்ஸ் 9 விளையாட்டுகளுக்குச் செய்த திருத்தமும் பெரும் முன்னேற்றம். ஆனால் இவை இரண்டும் நெடுநாள் கவனிக்கப்படாமல் கிடந்த ஒரு மூலையைச் சுத்தம் செய்ததால் வந்தவை. டிரைவர் தடித்திருந்த பழைய இலக்கணங்களில்தான் அவ்வளவு இடம் மிச்சமிருந்தது. வல்கனிலும் டைரக்ட்எக்ஸ் 12இலும் ஓடும் இன்றைய சிமுலேட்டரில் அந்த அளவு தாவலை எதிர்பார்க்க முடியாது. புதிய கார்டு வெளிவந்த முதல் ஆண்டில் டிரைவரைத் தொடர்ந்து மாற்றுவது நியாயம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது முதிராத டிரைவர். ஐந்து வயதான கார்டுக்கு அந்த நியாயம் செல்லாது. அப்டேட்டுக்கு ஒரு விலையும் உண்டு: சேமித்து வைத்த ஷேடர்கள் செல்லாமல் போய், முதல் சில பயணங்கள் முன்னைவிட அதிகமாகவே தடுக்கும். அப்டேட் செய்த கையோடு வேகத்தை அளந்து பார்ப்பவர்கள் தவறான முடிவுக்கு வர இதுவும் ஒரு காரணம்.

பாதுகாப்பு என்ற மறுப்பு இன்னும் நேர்மையானது. இயங்குதளத்தின் மையத்தில் ஓடும் மென்பொருளில் ஓட்டை இருந்தால் கணினியே பறிபோகலாம். ஆகவே பாதுகாப்புத் திருத்தம் வந்தால் போட்டே ஆக வேண்டும். இது என் வாதத்துக்கு எதிரானதல்ல. பராமரிப்பு என்று நான் சொல்வதே இதைத்தான். மூன்றாவது மறுப்பு பிரேம் உருவாக்கம் பற்றியது. 2022 இறுதியில் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 வந்தபின், இரண்டு உண்மைப் பிரேம்களுக்கு நடுவே கார்டே ஒன்றை இட்டு நிரப்புகிறது. மெயின் த்ரெட் தடையைத் தாண்டிவிட்டதுபோல் எண் இரட்டிக்கிறது. ஆனால் அதற்கு ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோ அதற்கு மேலோ வேண்டும். அடிப்படைப் பிரேம் நொடிக்கு 20இல் திணறினால் இடையில் செருகியது அந்தத் திணறலை மறைக்காது. குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கும் முறைகளில் கருவிப் பலகையின் எண்கள் மங்கிப்போவதும் விமானியாக விளையாடுபவருக்குச் சிறு தொந்தரவல்ல. அவர் பாதி நேரம் பார்ப்பதே அந்த எண்களைத்தான்.

டிரைவருக்கு நான் முழு மரியாதை தரும் ஓர் இடம் உண்டு. அது லினக்ஸ். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. பெரும்பாலோர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பழைய கருவிகளுக்கு நீண்ட ஆயுள் கிடைப்பது அந்தப் பக்கத்தில்தான். இன்டெலின் மிகப் பழைய உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு 2021இல் மேசா என்ற திறந்தமூல டிரைவர் திட்டத்தில் ‘குரோக்கஸ்’ என்ற புதிய டிரைவர் எழுதப்பட்டது. 2012 வாக்கில் வந்த ரேடியான் கார்டுகளைப் புதிய கெர்னல் டிரைவருக்கு நகர்த்தும் வேலை அண்மைக் காலம்வரை நடந்திருக்கிறது. வணிக லாபம் எதுவும் இல்லாத வேலைகள் இவை. நிரல் திறந்து கிடப்பதால் யாரோ ஒருவர் செய்ய முடிகிறது. இதனோடு 1990களின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வலர்கள் வளர்த்துவரும் ஃபிளைட்கியரைச் சேர்த்தால், காசு கொடுக்காமல் ஒரு முழுச் சிமுலேட்டர் கிடைக்கிறது. அதன் தரைக்காட்சி பத்துப் பாகைச் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வடக்கு 10 முதல் 20, கிழக்கு 70 முதல் 80 வரையான ஒரே சதுரத்தில் புதுச்சேரியிலிருந்து சேலம்வரை முழுப் பாதையும் வந்துவிடுகிறது. நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் வெள்ளிமலையில் இணைப்பே இல்லாமல் பறக்கலாம். ஃபிளைட் சிமுலேட்டரின் ஒளியும் முகிலும் அதில் இல்லை. அழகுக்கு ஆசைப்படுபவர் ஏமாறுவார். விமானம் ஓட்டக் கற்பவருக்கு அது குறையாகத் தோன்றாது.

நடைமுறையில் இதெல்லாம் எங்கே கொண்டுவிடுகிறது? படம் திணறினால் முதலில் திரைத் தெளிவைப் பாதியாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். பிரேம் எண்ணிக்கை மாறாவிட்டால் தடை சிபியுவில் இருக்கிறது. தரை விவரத் தூரத்தையும் சுற்றிப் பறக்கும் விமானங்களையும் குறைத்து, பிரேமை 30இல் பூட்டினால் போதும். எதிரி சுடும் விளையாட்டில் 30 போதாது. மெல்ல நகரும் மலையைப் பார்க்க 30 தாராளம். தெளிவைக் குறைத்ததும் வேகம் ஏறினால் தடை கார்டில். 4 ஜிபி கார்டில் முதலில் இறக்க வேண்டியது டெக்ஸ்ச்சர் அளவை. 2020 பதிப்பில் டைரக்ட்எக்ஸ் 12 தடுக்கிறதென்றால் 11க்குத் திரும்பிப் பார்க்கலாம். இரண்டுமின்றிப் புதிய நிலப்பகுதி வரும்போது மட்டும் நிற்கிறதென்றால் இணைப்பைப் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் அரை மணி நேரத்துக்குப் பிறகு மட்டும் வேகம் குறைந்தால், பெட்டியைத் திறந்து தூசி தட்டுவது எந்த அப்டேட்டையும்விடப் பலன் தரும். டிரைவரைத் தொட வேண்டியவை மூன்று நிலைகள்: பாதுகாப்புத் திருத்தம் வந்தபோது, விளையாட்டு திறக்கவே மறுக்கும்போது, திரையில் கோடும் மினுக்கலும் தோன்றும்போது. தொடுவதற்குமுன், இப்போது நன்றாக ஓடும் பதிப்பின் நிறுவுகோப்பை எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்; மின்சாரம் போய்வரும் நேரத்தில் நிறுவாமல் இருப்பதும்.

இவ்வளவு செய்தபின்னும் திரையில் வரும் கல்வராயன் மலை உண்மை மலைபோல் இல்லையே என்ற குறை மிஞ்சும். அதற்கான வேலை தரவில் இருக்கிறது. எக்ஸ்-பிளேன் தன் விமான நிலையங்களை ஒரு பொதுத் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது; அதற்கு யார் வேண்டுமானாலும் வரைந்து அனுப்பலாம். அதன் சாலைகளும் ஊர்களும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருகின்றன. அதையும் யாரும் திருத்தலாம். மெல்போர்ன் கோபுரம் காட்டியபடி, அங்கே தட்டும் ஓர் எண் உலகம் முழுவதும் பறப்பவர்களின் திரையில் எழுந்து நிற்கும். கரியாலூர் ஏரியின் கரையை, வெள்ளிமலைச் சாலையின் வளைவுகளை, உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளத்தைச் சரியாக வரைந்து சேர்க்க உயர்ந்த கார்டு வேண்டியதில்லை. உள்ளமைந்த கிராபிக்ஸ் கொண்ட ஒரு சாதாரண லேப்டாப் போதும்.